கேட்டு வாங்கிய வீணை



சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, அடியேனுடைய நெடுநாள் நண்பரின் குமாரத்தி திருவரங்கத்தில் அடியேன் இல்லத்துக்கு வந்தாள். வீணை வாசிப்பவள். வெளிதேசத்தில் கச்சேரிகளை முடித்துக்கொண்டு திரும்பியபோது, குடமும் தண்டியும் சேரும் ஒட்டில் அவளுடைய வீணை விமானத்திலேயே விண்டு போய்விட்டது. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று ஒரு திவ்யதேசத்தில் பெருமாள் திருமுன்பே வாசிப்பதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அதைத் தொடர்ந்து மார்கழிக் கச்சேரிகள். வெகுநேரம் வேறு பேச்சுகள் பேசியிருந்துவிட்டு, விடைபெறும் வேளையில்தான், "மாமா, பாட்டியுடைய வீணையை இரண்டு மாதத்துக்குத் தருவீர்களா?" என்று கேட்டாள்.

"யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். அவள் முகம் மாறவில்லை. ஸேவித்துவிட்டுப் போனாள். அன்றிரவு அடியேனுக்குத்தான் உறக்கம் வரவில்லை. பகவத் விஷயம் கேட்பவன், மமகாரம் கூடாது என்று நாலு பேருக்குச் சொல்பவன், ஒரு மரத்துண்டைக் கொடுப்பதற்கு யோசிக்க வேண்டுமென்று சொன்னேனே என்ற வெட்கம் ஒருபுறம். யோசித்ததில் தவறில்லை என்ற எண்ணம் மற்றொருபுறம். இந்த இரண்டாவது எண்ணத்துக்குக் காரணம் உண்டு.

அந்த வீணை தஞ்சாவூரில் செய்யப்பட்டது. அடியேனுடைய தாயாருக்குப் பத்து வயதானபோது அவருடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்தது. குடம் தொடங்கி யாளி முகம் வரையில் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணை. அத்தனை பருமனுள்ள முதிர்ந்த மரம் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், இப்பொழுது பெரும்பாலும் தனித்தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டியபோது, "வீணைக்குக் கொடுத்தார்கள், ஆசாரிக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று தாயார் கேட்டது நினைவிருக்கிறது. அவர் பரமபதம் அடைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அடியேனுக்கு வாசிக்கத் தெரியாது.

வீணையைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதன் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. கரி சேர்த்துக் காய்ச்சிய தேன்மெழுகை இரு வரிசையாக அணைபோல் எழுப்பி, அதன்மேல் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். எந்த ஸ்வரம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அளவுகோல் முடிவு செய்வதில்லை. ஆசாரி ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி கேட்டு நிலைநிறுத்துகிறார். வாசிப்பவரும் அருகிலிருந்து கேட்டுத் தமக்கு இசைந்தபடி சொல்கிறார். ஆகவே ஒரு பழைய வீணையின் மெழுகில் இருவருடைய செவி பதிந்திருக்கிறது. அது கலைந்தால் மெழுகு திரும்பக் கிடைக்கும், அந்தச் செவி திரும்பக் கிடைக்காது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தாயாரோடு ஒரே ஆசிரியரிடம் கற்ற ஒருவர், இதே போல் இரண்டு மாதத்துக்கென்று இந்த வீணையைக் கேட்டு வாங்கிப் போனார். பதினான்கு மாதங்கள் கழித்துத் திரும்பிற்று. மெழுகு முழுவதும் சுரண்டப்பட்டு, மெட்டுகள் அவருடைய விருப்பப்படி புதிதாக வைக்கப்பட்டிருந்தன. யாளி முகத்துக்குப் பொன்வண்ணம் பூசியிருந்தது. அழகுபடுத்திக் கொடுத்ததாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். தாயார் ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "எல்லாம் பெருமாள் சொத்துதானே! என்னுடையது, உன்னுடையது என்று சொல்ல நாம் யார்?" என்றார். தாயார் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். மாலையில் விளக்கேற்றிய பிறகு, யாளியின்மேல் இருந்த பூச்சைச் சிறிது சிறிதாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். காதோரத்தில் இன்றும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்பின் அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த மனிதர் சொன்ன வாக்கியம்தான் அடியேனை இத்தனை ஆண்டுகளாகத் தொந்தரவு செய்கிறது. ஏனென்றால் அது பொய்யன்று. நம் ஸித்தாந்தம் அதுவே. சேதநமும் அசேதநமுமான அனைத்தும் எம்பெருமானுக்குச் சேஷம், அவன் ஒருவனே ஸ்வாமி. நம் கையில் இருப்பதாக நாம் நினைக்கும் பொருளும் அவனுடையது, அதைப் பிடித்திருக்கும் கையும் அவனுடையது. இதில் ஐயமில்லை. அப்படியிருக்க, ஸத்யமான ஒரு வாக்கியம் அவர் வாயில் ஏன் அத்தனை கசப்பாக இருந்தது?

அடியேனுக்குத் தோன்றிய விடை இது. அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு, வாங்கியவருக்கு இல்லை. "இது என்னுடையதன்று, எம்பெருமானுடையது" என்று தாயார் சொல்லிக் கொடுத்திருந்தால் அது த்யாகம். அதே சொல்லை வாங்கியவர் சொல்லும்போது, தம்முடைய பிடியை அவர் சிறிதும் தளர்த்தவில்லை. பிறருடைய பிடியைத்தான் தளர்த்துகிறார். தம்முடைய மமகாரத்தை விடுவதற்காக அருளப்பட்ட உபதேசத்தைப் பிறர் மமகாரத்தின்மேல் எறிவதற்குக் கல்லாக எடுத்துக்கொண்டார்.

எம்பெருமானுடைய சொத்து என்று உண்மையில் நம்புகிறவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நம் கோயில்களைப் பார்த்தாலே போதும். திருவாபரணம் எடுத்துக் கொடுப்பவர் பட்டியலைப் பார்த்து எண்ணிக் கொடுக்கிறார், திரும்பும்போது எண்ணி வாங்குகிறார். மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர், பெருமாள் பாத்திரம்தானே என்று வெண்கலப் பானையைத் தரையில் உருட்டுவதில்லை. அவனுடையது என்பதனாலேயே அங்கே எச்சரிக்கை கூடுகிறது. உடைமை மேலே ஏற ஏற, கீழே இருப்பவனுடைய பொறுப்பு வளரவேண்டுமே ஒழியக் கரையக் கூடாது.

தர்ம சாஸ்த்ரங்கள் இந்த விஷயத்தை நுட்பமாகப் பார்த்திருக்கின்றன. யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதியின் வ்யவஹாரப் பகுதியில், ஒருவரிடம் காப்புக்காக ஒப்படைத்த பொருளைப் பற்றிப் பேசும் இடத்தில், யாசிதம் என்ற ஒன்றும் கூடவே சொல்லப்படுகிறது. கேட்டு வாங்கியது என்று பொருள். கல்யாணம் முதலான உத்ஸவங்களுக்காக வஸ்த்ரமும் ஆபரணமும் கேட்டு வாங்கி வருவதை உரைகாரர் உதாரணம் காட்டுகிறார். அன்றும் இதே சங்கடம்தான் போலும்! காப்பவர் வைத்துக்கொண்டிருக்கையில் அரசனாலோ தெய்வத்தாலோ திருடராலோ பொருள் அழிந்தால் அவர்மேல் குற்றமில்லை. தம் விருப்பப்படி அதைப் பயன்படுத்திப் பிழைத்தால் தண்டனை உண்டு, வருவாயோடு சேர்த்துத் திருப்பித் தரவும் வேண்டும். யாசிதத்துக்கும் இதே விதியை ஸ்ம்ருதி நீட்டுகிறது. வீணையை வாசிக்கத்தானே வாங்குகிறோம், அப்படியானால் பயன்படுத்துவது குற்றமாகுமா என்று கேட்கலாம். வாசிப்பதற்கு அனுமதி கேட்டோம், வாசிப்பது நமக்குரியது. மெழுகைச் சுரண்ட அனுமதி கேட்கவில்லையே. கேட்ட அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டதெல்லாம், எத்தனை நல்ல எண்ணத்தோடு செய்ததாயினும், ஸ்வேச்சையின் கணக்கில்தான் சேரும்.

காப்புக்காக ஒப்படைத்த பொருளுக்கு ந்யாஸம் என்றும் பெயர். நம் ஸம்ப்ரதாயத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சரணாகதிதான் நினைவுக்கு வரும். ஸ்வாமி தேசிகன் ந்யாஸ தசகம் என்றே ஒரு க்ரந்தம் அருளியிருக்கிறார். ஆத்மாவை அதற்குரியவனிடம் ஒப்படைப்பதும், அண்டை வீட்டாரிடம் ஒரு நகைப் பெட்டியை ஒப்படைப்பதும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது தற்செயலாக அடியேனுக்குத் தோன்றவில்லை. சிறியதில் பழகாதவனுக்குப் பெரியது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

ந்யாஸத்துக்கு ஸ்ரீராமாயணத்தைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. சித்ரகூடத்தில் நடந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். உலகத்தில் வழக்குகள் எல்லாம் 'எனக்கு, எனக்கு' என்று நடக்கும். அங்கே இருவர் ஒரு ராஜ்யத்தை 'உனக்கு, உனக்கு' என்று தள்ளுகிறார்கள். பெருமாள் அது பரதனுடையது என்கிறார், பரதாழ்வான் அது தேவரீருடையது என்கிறான். முடிவில் சிம்மாசனத்தில் பாதுகைகள் எழுந்தருளின. பதினான்கு ஆண்டுகள் நந்திக்ராமத்தில் இருந்துகொண்டு, எந்தக் காரியத்தையும் பாதுகைகளிடம் விண்ணப்பித்தே நடத்தினான். திரும்பிய நாளில் அவற்றைத் தன் கையாலேயே பெருமாள் திருவடிகளில் சேர்த்து, ந்யாஸமாக வைத்திருந்த ராஜ்யத்தை ஒப்புவித்தான். பண்டாரமும் களஞ்சியமும் சேனையும் பத்து மடங்காகியிருந்தன. அதையும் தன் ஸாமர்த்யமாகச் சொல்லிக்கொள்ளாமல் பெருமாளுடைய தேஜஸ்ஸால் ஆயிற்று என்றான்.

இதில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அயோத்திக்குள் வருவதற்கு முன் பெருமாள் திருவடியை, அதாவது ஹநுமானை, முன்னே அனுப்புகிறார். நாம் வரும் செய்தியைக் கேட்டவுடன் பரதன் முகம் எப்படியிருக்கிறது என்று பார்த்து வா, ராஜ்யத்தில் அவனுக்கு ஆசை பிறந்திருந்தால் அவனே ஆளட்டும் என்பது திருவுள்ளம். பரதனிடத்தில் ஐயமா என்று இவ்விடத்தில் மனம் வருந்துவோர் உண்டு. அடியேனுக்கு இது கொடுத்தவரின் பெருந்தன்மையாகவே படுகிறது. திரும்பக் கேட்பதால் ஒருவன் மனம் நோகுமானால் கேட்காமலே போய்விடலாம் என்ற அளவுக்குக் கொடுத்தவர் ஆயத்தமாக இருக்கிறார். வைத்திருந்தவனோ, ஒரு நாள் தாமதமானால் தீயில் புகுவேன் என்றிருக்கிறான். விட்டுவிடக் கூடிய கையும், கொடுத்துவிடத் துடிக்கும் கையும் எதிரெதிரே நிற்கும்போது நடுவில் இருக்கும் பொருளுக்கு என்ன ஆபத்து?

மேல்நாட்டு இசையுலகிலும் இப்படியொரு வரலாறு சொல்வார்கள். பாகனீனி என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞர் இத்தாலியில் லிவோர்னோ நகரத்துக்குக் கச்சேரிக்குப் போனபோது கையில் வாத்தியமில்லை. லிவ்ரோன் என்ற வணிகர் தம்மிடமிருந்த வயலினைக் கடனாகக் கொடுத்தார். க்ரெமோனா நகரத்தில் க்வார்னேரி 1743 இல் செய்த வாத்தியம் அது. கச்சேரி முடிந்து பாகனீனி திருப்பித் தரப்போனபோது, உம்முடைய விரல் பட்ட தந்திகளை இனி நான் தொடமாட்டேன் என்று வணிகர் வாங்க மறுத்துவிட்டாராம். பாகனீனி அதை ஆயுள் முழுதும் வாசித்து, காலம் செய்கையில் தம் சொந்த ஊரான ஜெனோவா நகரத்துக்கே எழுதி வைத்தார். அவர் மறைந்தது 1840 இல். இன்றும் அந்நகரத்தார் அதைப் பேணி, தேர்ந்த கலைஞர்கள் கையில் அவ்வப்போது கொடுத்து வாசிக்கச் செய்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் இன்னும் பாதுகாப்பாக இருக்காதோ என்று நமக்குத் தோன்றும். மரவாத்தியங்களைப் பேணுவோர் அப்படி நினைப்பதில்லை. வாசிக்கப்படாத வாத்தியத்தின் குறையை யாரும் கவனிப்பதில்லை. கையில் இருக்கும் வாத்தியத்தில்தான் சிறு விரிசலும் அன்றே செவிக்குத் தெரியும்.

அடியேன் இல்லத்து வீணையும் எட்டு ஆண்டுகளாகப் பட்டுத்துணிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அந்த இரவில் எழுந்து துணியை விலக்கிப் பார்த்தேன். தந்திகளில் துரு. மெழுகு ஓரிரண்டு இடங்களில் வெடித்திருந்தது. தாயாருடைய செவியைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் வாசிக்கவிருந்தது கைசிக ஏகாதசியன்று என்பதால் நம்பாடுவான் நினைவும் வந்தது. திருக்குறுங்குடிப் பெருமாளைப் பாடிப் பள்ளியுணர்த்தச் செல்லும் வழியில் ப்ரஹ்மராக்ஷஸன் அவரைப் பிடித்துக்கொள்கிறான். வ்ரதத்தை முடித்துவிட்டு உனக்கு உணவாகத் திரும்பி வருகிறேன் என்று அவர் பதினெட்டு ஸபதங்கள் செய்கிறார். கடைசி ஸபதத்தைக் கேட்டு அவன் விடுகிறான். பாடி முடித்துத் திரும்பும் வழியில், ராக்ஷஸனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டியதில்லை, ஓடிப்போ என்று வயோதிகராக வந்த பெருமாளே சொல்லிப் பார்க்கிறார். நம்பாடுவான் கேட்கவில்லை. தம்முடைய உடம்பையே அன்றிரவுக்கு மட்டும் கேட்டு வாங்கிய பொருளாக அவர் கருதினார். கைங்கர்யம் முடிந்தது, உரியவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆண்டுதோறும் கைசிக மாஹாத்ம்யம் கேட்கிறோம், நம்பாடுவானுடைய ஸத்யத்தைக் கொண்டாடுகிறோம். தகும். ஆயினும் அந்த ராக்ஷஸனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பசியோடு இருந்தவன், கைக்குக் கிட்டிய இரையை, வெறும் வார்த்தையை ஈடாக வாங்கிக்கொண்டு விட்டானே! இந்தக் கதையில் முதலில் கொடுத்தவன் அவன்தான். அவன் விடாதிருந்தால் அன்றைக்குக் கைசிகப் பண் இல்லை, அவனுக்கு மோக்ஷமும் இல்லை. மறுபடியும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்த அடியேன் எந்த நிலையில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன்.

இதனால் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று அடியேன் சொல்ல வரவில்லை. கொடுக்க மனமில்லாதபோது இல்லையென்று தெளிவாகச் சொல்லிவிடுவது, கொடுத்துவிட்டு உள்ளே புகைவதைவிட நல்லது. தாயார் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லலாமானால், அவர் நிபந்தனை எதுவும் சொல்லாமல் கொடுத்ததுதான். நிபந்தனை சொல்வது அவமரியாதை என்று அக்காலத்துப் பெண்டிர் நினைத்தார்கள். ஜப்பானில் நிப்பான் இசை அறக்கட்டளை போன்றவை விலைமதிப்பற்ற பழைய வயலின்களைக் கலைஞர்களுக்குக் கட்டணமின்றிக் கடன் கொடுக்கின்றன. ஒப்பந்தம் எழுதித்தான் கொடுக்கின்றன, யாரும் அதை அவமரியாதையாக நினைப்பதில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது முன்பே தெரிந்தால், வாங்குபவர் அஞ்சாமல் வாசிக்கலாம்.

மறுநாள் காலையில் அவளை வரச்சொன்னேன். தை பிறந்து ஐந்தாம் நாள் திரும்ப வேண்டும், விமானத்தில் போகக் கூடாது, வெயிலில் நிற்கும் காரில் வைக்கக் கூடாது, வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது, தந்தியை மாற்றிக்கொள்ளலாம், மெழுகைத் தொடுவதானால் கேட்க வேண்டும் என்று சொன்னேன். பழைய கதையைச் சொல்லவில்லை. யாரோ செய்ததை இவள் தோளில் ஏற்றுவது முறையன்று. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துவிட்டு, அவளே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வண்டியில் வீணையை ஏற்றும்போது தன் மேற்சேலையைக் கழற்றி யாளி முகத்தின்கீழ் மடித்து வைத்தாள். அடியேன் கொடுத்த பட்டுத்துணி போதாது என்று நினைத்தாள் போலும்.

கைசிக ஏகாதசியன்று அடியேன் அந்த திவ்யதேசத்துக்குப் போயிருந்தேன். ஓரமாக நின்று கேட்டேன். தாயாருடைய வாசிப்பு வேறு, இவளுடையது வேறு. கமகங்களை இவள் இன்னும் நீட்டி இழுக்கிறாள். ஆனால் கீழ் ஸ்தாயியில் அந்தக் குடம் கொடுக்கும் கார்வை மாறவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதைக் கேட்டபோது, பெருமாள் திருமுக மண்டலத்தைச் சிறிது நேரம் ஸேவிக்க முடியாமல் கண் மறைத்தது.

தை மூன்றாம் நாள், சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே, அவளும் அவள் தகப்பனாரும் வீணையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டுகளின்கீழ் மெழுகு இன்னும் விரிந்திருந்ததைக் காட்டினாள். அந்த மெட்டுகளைக் கூடியவரை தொடாமலே மார்கழி முழுவதும் வாசித்தாளாம். பிறகு, கைப்பையிலிருந்து ஒரு சிறு காகித உறையை எடுத்தாள். அதற்குள் துருவேறிய தந்தி ஒன்று வளையமாகச் சுருட்டப்பட்டிருந்தது.

"பாட்டி போட்டிருந்த ஸாரணி, மாமா. முதல் நாளே அறுந்துவிட்டது. வேறு போட்டுக்கொண்டேன். இது உங்களுடையது."

வாங்கிக்கொண்டேன். யாளியின் காதோரத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கே கொஞ்சம் பொன்வண்ணம் ஒட்டியிருக்கிறதே, துடைத்துவிடலாம் என்று பலமுறை தோன்றிற்று. கேட்காமல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றாள். அப்பொழுதுதான் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

மெழுகை முழுவதும் மாற்றியாக வேண்டும் என்று அவளே சொன்னாள். இனித் தள்ளிப்போட்டால் மெட்டுகள் பெயரும். "ஆசாரியிடம் யாருடைய செவிக்கு வைக்கச் சொல்வது, மாமா?" என்று கேட்டாள். அடியேனுக்கு வாசிக்கத் தெரியாது என்று முன்பே சொன்னேன். தாயார் இல்லை.

"நீதான் அருகில் இருந்து கேட்க வேண்டும்" என்றேன்.

வீணை இப்பொழுது தஞ்சாவூரில் இருக்கிறது. தந்தி அடியேனுடைய பெட்டியில் இருக்கிறது.